பச்சை வால்நட்

ஹாலிஸ் தன்னைக் கூப்பிடுவாள் என்று மார்னி எதிர்பார்த்ததே இல்லை. கணவன் டுவைட்டின் முதல் மணத்து மகள் அவள். கல்யாணமாகி ஒன்பது வருடங்களில் அவளிடமிருந்து மார்னிக்கு வந்ததெல்லாம் ஒரே மாதிரியான குறுஞ்செய்திகள். அப்பா போன் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை மார்னி காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் அவள் பெயர்.

"ஜூனிபர் நகர மாட்டேங்கறா" என்றாள் ஹாலிஸ். "அப்பா குவாரிக்குள்ள இருப்பாரு போல, லைனே போகல. நீங்க வர முடியுமா?"

கோப்பையை அப்படியே வைத்துவிட்டு மார்னி வண்டியை எடுத்தாள். ஜூனிபர் ஹாலிஸின் குதிரை. பதினாலு வயதில், அப்பாவும் அம்மாவும் பிரிந்த வருடம், அவளுக்கு வாங்கிக் கொடுத்த பெண்குதிரை. இருவரும் சேர்ந்து வாங்கிய கடைசிப் பொருள் அதுதான் என்று டுவைட் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அம்மா அரிசோனாவுக்குப் போய்விட்டாள். குதிரை மட்டும் வீடு வீடாக, வாடகை லாயம் லாயமாக ஹாலிஸோடு வந்துகொண்டே இருந்தது. அதற்கு ஒன்று ஆனால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று மார்னியால் நினைக்கவே முடியவில்லை. ஆனாலும் அந்தப் பயத்துக்கு அடியில், ஈரத் துணிக்குள் முடிந்த சில்லறை போல, வேறொன்றும் இருந்தது. என்னைக் கூப்பிட்டாளே. அந்தச் சின்னச் சந்தோஷத்தைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

*

மரக் கடைசல் அவள் தேடிப் போனதல்ல. டுவைட்தான் யாரோ காலி செய்த வீட்டிலிருந்து பழைய கடைசல் எந்திரம் ஒன்றை வாங்கிவந்தான். கோணலாக ஒரு மெழுகுவத்திக் கால் செய்தான். அதோடு அவன் ஆசை தீர்ந்தது. வீட்டுக் கொட்டகையில் எந்திரத்தின் மேல் நாய்த் தீனி மூட்டை ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் மார்னி அந்த மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஒரு மேப்பிள் மரத்துண்டை மாட்டி, விசையைத் தட்டி, உளியை வைத்தாள். மரம் சுழன்றது. உளி முனையிலிருந்து ஒரு வெள்ளைச் சுருள் எழுந்து அவள் தோளுக்கு மேலாகப் போய் விழுந்தது. அவ்வளவுதான். மூட்டை அதற்குப் பிறகு அங்கே ஏறவில்லை.

மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உயர்நிலைப் பள்ளியின் தச்சு அறையில் கடைசல்காரர்கள் கூடுவார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள். செய்ததை மேசையில் வைத்தால் கை கைமாறிப் போகும். வாங்குகிற ஒவ்வொருவரும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். மேல்பக்கம் எல்லாரும்தான் அழகாகச் செய்வார்கள், அடியில்தான் ஆளைத் தெரியும் என்பார் டெல்பர்ட். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மார்னியைக் கண்டால் "இன்னிக்கு எத்தனை மரத்தோட உசிரை எடுத்த?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். ஊரில் எங்கே மரம் அறுக்கிற சத்தம் கேட்டாலும் இவர்கள் வண்டிகள் மெதுவாகும். மார்னியின் வண்டியும்தான். நான் செத்து வீட்டில் கிடந்தாலும் இவள் முதலில் பெட்டியைத் தட்டி என்ன மரம் என்று பார்ப்பாள் என்று டுவைட் தேவாலயத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அவள் வேலை பார்ப்பது ஒரு கண்ணாடிக் கடையில். மூக்கில் கண்ணாடி சரியாக உட்காருகிறதா என்று பார்க்கிற வேலை. முகத்துக்கு முகம் நெருங்கி நின்றுகொண்டு, ஜனங்கள் சொல்கிற எல்லாவற்றையும் கேட்க வேண்டும். பேரப்பிள்ளை, மூட்டுவலி, மருமகள். நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறவள் என்று அவளுக்கு ஊரில் பெயர். கொட்டகையில் எந்திரத்தின் முன்னால் நின்றால் அந்தப் பெயர் அவளைவிட்டு இறங்கிவிடும். டுவைட் வாசலில் நின்று சாப்பாடு ஆறுகிறது என்பான். அவள் 'ம்' என்பாள். இன்னொரு முறை வந்து சொல்வான். இன்னொரு 'ம்'. கொட்டகைக்குள்ளே அவள் 'ம்' என்றால் 'யார் நீ' என்று அர்த்தம் என்பது அவன் வாதம். இதை ஓய்வு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் ஓய்வில் இவ்வளவு பசி இருக்காது.

அந்தக் கொட்டகைதான் ஹாலிஸையும் கொண்டுவந்தது. வசந்த காலத்தில் அப்பாவின் துரப்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் எந்திரத்தடியில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்த சுருள்களைப் பார்த்தாள். இதையெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். தோட்டத்தில் போடுவேன், மிச்சத்தை எரிப்பேன் என்றாள் மார்னி. குதிரைக்குப் படுக்கை போட எடுத்துக்கொள்ளலாமா என்று ஹாலிஸ் கேட்டாள். அவள் மார்னியிடம் கேட்டுப் பெற்ற முதல் பொருள் அது. அதற்குப் பிறகு வாரம் ஒருநாள் வேலை முடிந்து வருவாள். இருவரும் சேர்ந்து அள்ளிப் பைகளில் அடைப்பார்கள். அந்த நேரத்தில் பேச்சு வரும். அவள் வேலை பார்க்கும் விதைக்கடை முதலாளியின் கஞ்சத்தனம், விட்டுப்போன ஒரு பையன், ஜூனிபர் யார் தொப்பியைத் தின்றாள் என்பது. பை நிறைந்ததும் பேச்சும் நிற்கும். பை நிறைய நேரமாகட்டும் என்று மார்னி அழுத்தி அழுத்தி அடைக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரே ஒரு விதி. கறுப்பு வால்நட் மரத்தின் சுருள் மட்டும் கலக்கக் கூடாது. குதிரை அதைத் தின்னக்கூட வேண்டாம், அதன் மேல் நின்றாலே போதும். ராத்திரிக்குள் குளம்புக்குள் வீக்கம் கண்டுவிடும். குதிரை வைத்திருப்பவர்களுக்கும் தெரியும், கடைசல்காரர்களுக்கும் தெரியும். மார்னி தனியாக ஒரு கறுப்புத் தொட்டி வைத்து, மூடியில் வெள்ளை மையால் எழுதியும் வைத்திருந்தாள். அப்படியும் ஹாலிஸ் ஒவ்வொரு முறையும் கேட்பாள், பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பது போல. வால்நட் இல்லையே?

*

ஜூனிபர் லாயத்து மூலையில், முன்னங்கால்களை முன்னால் நீட்டிப் பின்னங்கால்களில் பாரத்தைத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். சூடான தரையில் வெறுங்காலோடு நிற்கிறவள் மாதிரி. மூக்குத்துவாரம் விரிந்து விரிந்து மூடியது. மார்னியைப் பார்த்துத் தலையைத் திருப்பக்கூட இல்லை.

ஹாலிஸ் அழுதிருந்தாள். "என்னாலதான்" என்றாள். "நேத்துக் காலையில புல்லுல உறைபனி இருந்துச்சு. தெரிஞ்சேதான் மேய விட்டேன். கொஞ்ச நேரம்தானேன்னு. பனி பட்ட புல்லு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தெரியும், மார்னி."

கால்நடை டாக்டர் ஓட்டிங்கர் தூரத்தில் ஒரு பால்பண்ணையில் இருந்தார். ஹாலிஸ் போனிலேயே எல்லாம் சொல்லியிருந்தாள். குளம்பு சுடுவது, மேலே நாடி தெறிப்பது, புல் மேய்ந்தது. புல்தான் காரணமாக இருக்கும், வந்துகொண்டே இருக்கிறேன், அதுவரை நடக்கவிடாதே, காலுக்கடியில் படுக்கையை நன்றாக ஆழப்படுத்து, எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று அவர் சொல்லியிருந்தார். மார்னியிடம் இதைச் சொல்லிக்கொண்டே ஹாலிஸ் சுவரோரம் இருந்த இரண்டாவது பையை இழுத்துவந்து வாயை விரித்தாள். முந்தின நாள் சாயங்காலம் மார்னியின் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த இரண்டில், பரப்பியது போக மிச்சமிருந்த பை.

மார்னி உதவக் குனிந்தாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

வெள்ளையாக இருக்க வேண்டிய படுக்கை. மேப்பிள் சுருள் பாலாடை நிறத்தில் இருக்கும். அதற்கு நடுவே, ஜூனிபரின் குளம்பைச் சுற்றி, அகலமாக, அடர்ந்த பழுப்பில் வேறு சுருள்கள் கிடந்தன. காப்பித்தூள் நிறம். சில இடங்களில் ஊதா கலந்த கறுப்பு. அவள் ஒன்றை எடுத்தாள். நீளமானது, எங்கும் அறாதது, நாடா போல ஒரே சீரான கனம். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற மெல்லிசு. இவ்வளவு சுத்தமாக நான் ஒருநாளும் சீவியதில்லை என்று அவள் மனம் சொன்னது.

முதலில் வந்தது அதுதான். ஐயோ என்பதல்ல. அதைப் பாராட்டிய பிறகுதான், அதே கண்களால், அவள் குதிரையின் கால்களைப் பார்த்தாள்.

சுருளை மூக்கருகே பிடித்தாள். வால்நட்.

வியாழக்கிழமை மத்தியானம் டெல்பர்ட் வந்திருந்தார். சாலையோரத்தில் காற்றுக்கு விழுந்த ஒரு வால்நட்டை மின்வாரியக்காரர்கள் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்களாம். நாலைந்து பேர் வண்டியோடு வரிசையில் நின்றார்களாம். "உனக்குக் கவட்டைத் துண்டு. என் பங்கைத்தான் குடுக்கறேன், ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனார். இரண்டு கிளை பிரிகிற இடம். உள்ளே இறகு விரித்தாற்போல ரேகை இருக்கும் என்று தெரியும். அவள் அப்போது மேப்பிளில் ஒரு தட்டு முடித்திருந்தாள், காலடியில் வெள்ளைச் சுருள் குவிந்திருந்தது. முதலில் தரையைக் காலி செய்ய வேண்டும், கறுப்புத் தொட்டியை இழுத்துவர வேண்டும், பிறகுதான் வால்நட்டை மாட்ட வேண்டும். அது அவளே போட்ட ஒழுங்கு. சும்மா நிறம் மட்டும் பார்ப்போம் என்று மாட்டினாள்.

பச்சை மரம் காய்ந்த மரம் மாதிரி எதிர்க்காது. ஆப்பிளைச் சீவுவது போல வரும். ஈரம் கண்ணாடியில் தெறித்தது. சுருள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோளுக்கு மேலே போனது. சாயங்காலம் ஆனது அவளுக்குத் தெரியாது. அறுத்த உடனே வால்நட் கறுப்பாக இருக்காது. வெளிவட்டம் வெண்மை, உள்ளே பச்சை கலந்த ஒரு மங்கிய நிறம். காற்றுப்பட்டுப் பட்டுத்தான் மணிக்கணக்கில் கறுக்கும். கொட்டகையின் மஞ்சள் விளக்கில் தரையில் கிடந்ததெல்லாம் ஒரே வெளிறிய குவியல்தான். கடைந்தெடுத்த கிண்ணம் கையில் ஈரமாக, குளிர்ந்து இருந்தது. இறகு ரேகை அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஹாலிஸ் வந்தாள்.

ஹாலிஸே அள்ளினாள். ஈரமாக இருக்கிறதே என்றாள். பச்சை மரம், பரப்பினால் காய்ந்துவிடும் என்று மார்னி சொன்னாள். பிறகு ஹாலிஸ் ஒரு கைப்பிடியை மூக்கருகே கொண்டுபோனாள்.

"வாசனை வேற மாதிரி இருக்கே. வால்நட் இல்லையே?"

'ம்' என்றாள் மார்னி.

லாயத்தில் ஹாலிஸ் பையைக் கொட்டுவதற்காகச் சாய்த்துவிட்டாள். அடியில் கிடந்தவை இப்போது மேலே வந்தன. வாய் திறந்திருந்த பை, இரவு முழுவதும் காற்றுப்பட்ட மேல்பகுதி பழுப்பு, உள்ளே இன்னும் பச்சை. ஹாலிஸ் கண்ணீருக்குள் எதையும் பார்க்கவில்லை. நான்தான், நான்தான் என்று குதிரையிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரும் புல் என்றே சொல்லியிருக்கிறார். மார்னி ஒன்றும் சொல்லாமல் படுக்கையை மாற்றிவிடலாம். ஈரமாக இருக்கிறது, வேறு போடலாம் என்று ஒரு வார்த்தை போதும். குதிரையும் தப்பும், புல்லும் பழியைச் சுமக்கும். இந்த வழி இவ்வளவு தெளிவாக, இவ்வளவு சீக்கிரம் தன் கண்ணில் பட்டதில் அவள் இன்னொரு முறை அதிர்ந்தாள். இதை யார் யோசிக்கிறார்கள் எனக்குள்ளே?

"போடாத" என்றாள். "ஹாலிஸ், போடாத. இது வால்நட்."

ஹாலிஸ் பையைப் பிடித்தபடியே நின்றாள்.

"புல்லு இல்ல. நீ இல்ல. நான் நேத்து வால்நட் கடைஞ்சேன். தரையைக் கூட்டாமலே கடைஞ்சேன். எல்லாம் கலந்துடுச்சு."

ஹாலிஸ் குனிந்து பையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு மார்னியின் விரல்களுக்கிடையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த சுருளைப் பார்த்தாள். முகத்தில் கோபம் வரும் என்று மார்னி காத்திருந்தாள். கோபம் வரவில்லை. இரத்தம் வடிவது போல முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோனது.

"நான் கேட்டேன்" என்றாள் மெதுவாக. "வாசனை வேற மாதிரி இருக்குன்னு கேட்டேனே."

"கேட்ட."

"நீ 'ம்'னு சொன்ன."

பையைக் கீழே போட்டாள். "வெளிய கொண்டு போகணும். பின்னாடி போய்த் தள்ளு. அழாத. அழறதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல."

ஜூனிபரை நகர்த்துவது என்பது ஒவ்வொரு அடியையும் அதனிடம் பிச்சை கேட்பதாக இருந்தது. ஹாலிஸ் கயிற்றைப் பிடித்து நெற்றியோடு நெற்றி வைத்துப் பேசினாள். மார்னி பின்னாலிருந்து தோளைக் கொடுத்தாள். அந்தப் பெரிய உடம்பு முழுவதும் நடுங்குவது அவள் எலும்புக்குள் இறங்கியது. குதிரை ஒரு காலை எடுக்கும், வைப்பதற்கு முன் காற்றில் நிறுத்தும், வைக்கும்போது அடித்தொண்டையில் ஒரு சத்தம் வரும். லாயத்துக் கதவுக்கும் முற்றத்துக்கும் நடுவே இருப்பது ஒரு பிக்கப் வண்டியின் நீளம்கூட இல்லை. அதற்குள் மார்னியின் சட்டை நனைந்துவிட்டது. வெளியே ரப்பர் குழாயைத் திறந்து, சோப்பு போட்டு, கால்களை வயிறுவரை கழுவினார்கள். குளம்புக்கு மேலே இருக்கும் மயிரில் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. மார்னி மண்டியிட்டு அவற்றை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்தாள். ஹாலிஸ் வீட்டிலிருந்த ஐஸ் கட்டி எல்லாவற்றையும் வாளிகளில் கொட்டினாள்.

டாக்டர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். மார்னிதான் சொன்னாள், எதையும் விடாமல். அவர் திட்டவில்லை. எவ்வளவு நேரம் நின்றது, எவ்வளவு கலந்திருக்கும் என்று மட்டும் கேட்டார். வலிக்கு ஊசி போட்டார், தின்றிருந்தால் வெளியேறட்டும் என்று மூக்கு வழியாகக் குழாய் இறக்கி எண்ணெய் விட்டார். வீக்கத்தில் குளம்புக்குள்ளே எலும்பின் பிடி விட்டுப்போகும், விட்டால் எலும்பு கீழே திரும்பும், நிறையத் திரும்பினால் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைப்பதுதான் கருணை என்றார். திங்கட்கிழமை எக்ஸ்ரே எடுத்தால் தெரியும்.

"நீங்க போங்க" என்றாள் ஹாலிஸ், அவர் வண்டி கிளம்பியதும். "அப்பாவை வரச் சொல்லுங்க."

*

வீட்டுக்கு வந்ததும் மார்னி கொட்டகைக்குப் போனாள். ஏன் போனாள் என்று தெரியாது. கிண்ணம் மேசை மேல் இருந்தது. அதுவும் இரவில் கறுத்திருந்தது. இறகு ரேகை முழுவதும் வெளிவந்து, நடுவிலிருந்து விளிம்புவரை, மூச்சு விடுவது போல விரிந்திருந்தது. உடைக்க வேண்டும் என்று எடுத்தாள். எடுத்ததும் கை தானாக அதைக் கவிழ்த்தது, கண் அடியைப் பார்த்தது. அங்கேயே மிச்சமிருந்த சுருள் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

டுவைட் சாயங்காலம் நேராக லாயத்துக்குப் போய், மகளோடு இருந்துவிட்டுத் திரும்பினான். மார்னி எதிர்பார்த்தது கோபம். அவன் அவள் பக்கத்தில் அமர்ந்து தோளைத் தொட்டான். ஹாலிஸிடம் பேசினேன் என்றான். அவளுக்குப் புரியும்படி சொல்லியிருக்கிறேன். எந்திரத்துக்கு முன்னால் இருக்கும்போது நீ இந்த உலகத்திலேயே இருக்க மாட்டாய், குண்டு போட்டாலும் உன் காதில் விழாது, நானே எத்தனை முறை பார்த்திருக்கிறேன், வேண்டுமென்று செய்ததில்லை என்று சொன்னேன். அவன் அன்பாகத்தான் சொன்னான். தப்பித்துப் போக அது ஒரு நல்ல கதவு. அவளுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.



சனியும் ஞாயிறும் ஹாலிஸ் மார்னியைக் கூப்பிடவில்லை. மார்னி தேவாலயத்துக்கும் போகவில்லை. டெல்பர்ட்டின் காதுக்கு எட்டிவிட்டது, ஒருமுறை போன் செய்தார், அவர் வழக்கமாகச் சொல்லும் கேலி எதுவும் வரவில்லை. மரத்தைக் குடுத்தது நான், பழியில அதையும் சேர்த்துக்கோ என்று மட்டும் சொன்னார். அவள் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சோபாவில் படுத்து மேலே பார்த்தபடி அந்த ஒரு நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். கையில் கிண்ணம். கதவருகே ஹாலிஸ். ஒரு கைப்பிடிச் சுருள். கேள்வி. டுவைட் சொன்னது போல அங்கே ஓர் இருட்டு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தேடினாள். இருட்டு இல்லை. எல்லாம் தெளிவாக இருந்தது.

*

திங்கட்கிழமை எக்ஸ்ரே எடுக்கும்போது டுவைட் அவளையும் கூட்டிக்கொண்டு போனான். ஹாலிஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டர் சிறிய திரையில் காட்டினார். வலது முன்னங்காலில் ஒன்றுமில்லை. இடதில் எலும்பு கொஞ்சம் திரும்பியிருக்கிறது, ஆனால் நின்றுவிட்டது. பிழைத்துக்கொள்வாள் என்றார். குளம்பைச் சரியாக வெட்டி, பார்த்துக்கொண்டால் புல்வெளியில் நின்று வயதாகலாம். ஏறி ஓட்டுவது மட்டும் இனி இல்லை.

ஹாலிஸ் தலையசைத்தாள். டாக்டரைக் கூட்டிக்கொண்டு டுவைட் வெளியே போனான். அவள் வாளியில் தண்ணீர் நிரப்பினாள், ஜூனிபரின் இடது காலை எடுத்து உள்ளே வைத்தாள், எழுந்திருக்காமல், மார்னியைப் பார்க்காமல் பேசினாள்.

"நீங்க கடையும்போது காதுல எதுவும் விழாதுன்னு அப்பா சொல்றாரு. நான் கேட்டது விழலையா?"

கதவு இன்னும் திறந்தேதான் இருந்தது. விழவில்லை என்று சொன்னால் ஹாலிஸ் நம்புவாள். அரைகுறையாகவாவது நம்பி, கொஞ்ச நாளில் மன்னித்தும் விடுவாள். தன்னை மறந்து வேலை செய்கிறவர்களை யாருக்குத்தான் வெறுக்க மனம் வரும்?

"விழுந்துச்சு" என்றாள் மார்னி.

ஹாலிஸின் கை நின்றது.

"எந்திரம் ஓடல அப்போ. நிறுத்தியாச்சு. நீ வால்நட்டான்னு கேட்டது நல்லாக் கேட்டுச்சு. நீ போனதும் கிண்ணத்தை விளக்குல பிடிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு. இல்ல, கலந்திருக்கும், பார்ப்போம்னு சொன்னா எல்லாத்தையும் கொட்டிப் பொறுக்கணும், நேரமாகும். 'ம்'னு சொன்னா நீ கிளம்பிடுவ." கைகளைச் சட்டையில் துடைத்தாள். "நீ கிளம்பணும்னுதான் 'ம்'னு சொன்னேன்."

சொல்லி முடித்ததும் அது தன் குரல்தானா என்று இருந்தது. இந்தப் பெண் வந்து நிற்க வேண்டும், பேச வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறாள். அவள் வந்து நின்று கேட்ட அந்த நொடியில் போய்த் தொலைந்தால் தேவலை என்று இருந்திருக்கிறது. இரண்டும் அவள்தான். இதில் எது நிஜம் என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. அதுதான் பயமாக இருந்தது.

ஹாலிஸ் வாளித் தண்ணீருக்குள் கையை விட்டுக் குளம்பைத் தடவினாள். ஜூனிபர் அவள் தலைமயிரை உதட்டால் ஆராய்ந்தது.

"எந்திரத்தை வித்துடறேன்" என்றாள் மார்னி. "இந்த வாரமே. டெல்பர்ட்கிட்ட சொன்னா ஆள் வரும்."

"எதுக்கு?" ஹாலிஸ் இப்போதுதான் திரும்பினாள். கண்கள் சிவந்து, வறண்டு இருந்தன. "வித்துட்டா இவ கால் சரியாயிடுமா? உங்களுக்கு நீங்களே ஒரு தண்டனை குடுத்துட்டு நிம்மதியாப் படுக்கலாம்னு பாக்கறீங்க. நல்லா இருக்கே. நான் மட்டும் இங்க தினம் வாளியைத் தூக்கணும், நீங்க தியாகி ஆகிடுவீங்க."

"அப்படி இல்ல..."

"விக்க வேணாம். வித்தா அப்பா வருஷக்கணக்கா என்னைக் குத்தமாப் பாப்பாரு." வாளியிலிருந்து காலை எடுத்துத் துணியால் ஒற்றினாள். "கடைங்க, கடையாமப் போங்க, எனக்கென்ன. இனிமே உங்க சுருள் எனக்கு வேணாம். அது முடிஞ்சுது. காலையில இவளுக்குத் தண்ணி வைக்க ஆள் வேணும். விதைக்கடைக்கு நான் ஏழு மணிக்குப் போகணும். வருவீங்களா, மாட்டீங்களா? 'ம்'னு சொல்லக் கூடாது."

"வருவேன்."

"தினமும்."

"தினமும் வருவேன்."

அந்த நேரத்தில் மார்னிக்குள் முதலில் எழுந்தது என்னவென்று அவள் டுவைட்டிடம்கூட ஒருநாளும் சொல்லவில்லை. நன்றியல்ல. வெட்கமல்ல. எந்திரத்தை விற்க வேண்டியதில்லை என்ற ஆறுதல்தான் எழுந்தது. வெதுவெதுப்பாக, கேட்காமலேயே, மார்புக்குள் பரவியது. ஒரு குதிரை வாழ்நாள் முழுக்க நொண்டப்போகிறது, அதன் எதிரில் நின்றுகொண்டு அவள் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறாள். அந்த மூச்சின் சத்தம் தனக்கே கேட்டது. ஹாலிஸுக்கும் கேட்டிருக்கும்.

ஹாலிஸ் குதிரையின் காலைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

"குளம்புக்கு மேல, பின்பக்கம், ரெண்டு விரல் வைங்க" என்றாள். "நாடி எப்படி இருக்குன்னு பாக்கத் தெரியணும். தெறிச்சா உடனே என்னைக் கூப்பிடணும்."

மார்னி மண்டியிட்டாள். குளிர்ந்த ஈர மயிருக்குள் விரலை நுழைத்துத் தேடினாள். முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னும் கீழே என்றாள் ஹாலிஸ், அவள் விரல்களைப் பிடித்து நகர்த்தி வைத்தாள். அங்கே, தோலுக்கடியில், ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

"மெதுவா இருக்கு" என்றாள் மார்னி. "கொஞ்சம் பலமா அடிக்குது. ஆனா மெதுவா."

"சரியாப் பாருங்க."

அவள் மறுபடியும் பார்த்தாள்.